இருபது பாகைக் குளிர்: விடியலில் உதறும் கார்

பனியில்லா ஊரின் புதிர்

மார்கழி விடியலிலும் மதுரையின் வெப்பநிலை 20 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. பனி என்று அங்கே சொல்லப்படுவது வைகைக் கரைப் புல்லின் நுனியிலும் நிறுத்திவைத்த வண்டியின் கண்ணாடியிலும் படியும் ஈரம்தான். ஆயினும் அண்ணா நகரிலோ வில்லாபுரத்திலோ திருநகரிலோ இரவு முழுவதும் தெருவோரம் நின்ற கார், காலையில் சாவியைத் திருகியதும் உயிர்பெற்று, உயிர்பெற்ற கையோடு ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ உடல் முழுவதும் உதறி, புகைபோக்கி வழியே விட்டுவிட்டு இருமி, பிறகு எதுவும் நடவாததுபோல் சீராக ஓடத் தொடங்குவதைக் கார் வைத்திருக்கும் பலரும் கண்டிருப்பர். உறைபனி பெய்யும் நாடுகளுக்கே உரியதாக நினைக்கப்படும் இந்தத் தொல்லை, தடித்த போர்வைகூடத் தேவைப்படாத ஊருக்கு எப்படி வந்தது என்பது முதல் புதிர். அந்தக் கார் ஒத்தக்கடையிலிருந்து நகருக்குள் இருக்கும் பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் நோய் மறைந்துவிடுவதும், மெக்கானிக்கின் முன்னால் அது பரம சாதுவாய் நிற்பதும், பெட்ரோல் மீதோ பேட்டரி மீதோ பழியைப் போட்டுவிட்டு உரிமையாளர் திரும்பி வருவதும் இரண்டாவது புதிர்.

குளிர் என்ற சொல்லை மனித உடலைக்கொண்டு அளப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஓடிப் பழகிய நிலையில் ஒரு பெட்ரோல் எஞ்சினைச் சுற்றியோடும் குளிர்விப்பு நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 90 பாகையாகும். எஞ்சினின் இடைவெளிகள், எண்ணெயின் இளக்கம், எரிபொருளின் அளவு ஆகிய யாவும் அந்த நிலைக்கென்றே வகுக்கப்பட்டவை. அந்தக் கணக்கில் மதுரையின் மார்கழிக் காலை 70 பாகை குறைவான நிலையில் இருக்கிறது. கொடைக்கானலில் தை மாத இரவு 8 பாகை அளவுக்கு இறங்குகிறது என்றால், மதுரைக்கும் அந்த மலைக்கும் உள்ள வேறுபாடு 12 பாகை மட்டுமே. ஆகவே மலையேறி இரவு தங்கிய காருக்கும் சமவெளியில் தங்கிய காருக்கும் இடையிலான வேறுபாடு, சமவெளியில் ஆறிய காருக்கும் சூடேறிய காருக்கும் இடையிலானதில் ஆறில் ஒரு பங்குதான். சித்திரை மாதக் காலையில் 28 பாகையில் உயிர்பெறும் எஞ்சினும், அதன் கணக்குப்படி, நடுங்கும் குளிரில்தான் கண்விழிக்கிறது.

எரிவது திரவம் அன்று

பெட்ரோல் எரியும் என்பது பாதி உண்மை. எரிவது அதன் ஆவி. திரவமாய்க் கிடக்கும் பெட்ரோல் தீப்பொறியோடு வினைபுரிவதில்லை. காற்றோடு கலந்த ஆவியாக மாறிய பங்கு மட்டுமே எரிகிறது, அதுவும் கலப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்குள் அமைந்தால்தான். ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவைப்படுகிறது. பெட்ரோல் என்பது ஒற்றைப் பொருளாக இல்லாமல், ஏறத்தாழ 30 பாகையிலிருந்து 200 பாகை வரை வெவ்வேறு வெப்பநிலைகளில் கொதிக்கும் பல ஐதரோகார்பன்களின் கூட்டாக இருப்பதால், ஆறிய எஞ்சினுக்குள் அது நுழையும்போது இலேசான பகுதி மட்டும் ஆவியாகி எழ, கனமான பகுதி உள்ளிழுப்புக் குழாயின் சுவரிலும் வால்வின் முதுகிலும் ஈரமாய் ஒட்டிக்கொள்கிறது. அளந்து ஊற்றிய பெட்ரோலில் ஒரு பங்கு வேலைக்கு வராமல் சுவரில் தங்கிவிடுவதால், எரியறைக்குள் சேரும் கலவை காற்று மிகுந்ததாய், பெட்ரோல் குறைந்ததாய் அமைகிறது.

இதற்கான மருந்து பழையது: முதல் சில கணங்களுக்குத் தேவைக்கு மேல் பெட்ரோல் ஊற்றுவது. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் அந்த வேலையை ஓட்டுநரின் கை செய்தது. சோக் என்ற குமிழை இழுத்தால் கார்புரேட்டரின் வாயில் ஒரு தகடு சாய்ந்து காற்றைத் தடுக்க, அதே உறிஞ்சலுக்குப் பெட்ரோல் கூடுதலாக வந்தது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800இன் தொடக்கக்கால வண்டிகளிலும் அந்தக் குமிழ் இருந்தது. எப்போது இழுப்பது, எவ்வளவு இழுப்பது, எப்போது உள்ளே தள்ளுவது என்பது ஓட்டுநரின் காது அறிந்த கலையாக இருந்தது. மறந்து இழுத்தபடியே ஓட்டியவரின் வண்டி கரும்புகை கக்கியது. அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரின் பெட்ரோல் பஞ்சத்தில், மதுரையில் பேருந்துத் தொழிலைத் தொடங்கி வளர்த்த டி.வி.சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் கரியிலிருந்து வாயு எடுக்கும் கலனைத் தயாரித்தது. அத்தகைய கலனைச் சுமந்த வண்டிகளுக்குக் காலைப்புறப்பாடு என்பது அடுப்பு மூட்டி, கரி கனன்று, எரியக்கூடிய வாயு வரும்வரை காத்திருப்பதாகும். சோக் குமிழை இழுத்துச் சலித்த தலைமுறைக்குக்கூட அது தவமாகத் தோன்றும்.

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கார்புரேட்டர் விலகி, பெட்ரோலை ஊசித்துளை வழியே தெளிக்கும் இன்ஜெக்டர் வந்தபோது, சோக் குமிழின் பொறுப்பு எஞ்சின் கணினியிடம் போய்ச் சேர்ந்தது. பொறுப்பு இடம் மாறியதே தவிர, சுவரில் ஒட்டும் பெட்ரோல் அப்படியே இருக்கிறது.

கண்ணைக் கட்டிக்கொண்ட முதல் நிமிடம்

சூடேறிய எஞ்சினில் கணினி தன் வேலையைத் தானே திருத்திக்கொள்கிறது. புகைபோக்கியில் பொருத்தப்பட்ட ஆக்சிஜன் உணரி, எரிந்து வெளியேறும் வாயுவில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று ஓயாமல் சொல்ல, அதைக் கேட்டுக் கணினி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் சமன் செய்கிறது. விளைவை அறிந்து செயலைத் திருத்தும் இம்முறைக்குப் பின்னூட்டம் என்று பெயர். குழம்பைக் கொதிக்கவிட்டு, துளி எடுத்து நாவில் வைத்து, உப்பைச் சரிசெய்யும் சமையல்காரரின் முறையும் அதுவே.

அந்த நாக்கு 300 பாகை அளவுக்குச் சூடேறினால்தான் சுவை அறியும். தனக்குள் சிறு மின்அடுப்பு வைத்துக்கொண்டு விரைவில் சூடேறும்படி அது அமைக்கப்பட்டிருந்தாலும், தொடக்கத்தில் சில பத்து நொடிகளுக்குக் கணினிக்கு அதன் உதவி கிடைப்பதில்லை. அந்த இடைவேளையில் கணினி, நினைவகத்தில் எழுதிவைத்த பட்டியலைப் பார்த்து, "நீர் 21 பாகை, ஆகவே இவ்வளவு பெட்ரோல்" என்று மனப்பாடமாய் ஊற்றுகிறது. உள்ளிழுப்புக் குழாயின் ரப்பர் இணைப்பில் சிறு வெடிப்பிருந்து அதன் வழியே கணக்கில் வராத காற்று நுழைந்தாலும், இன்ஜெக்டரின் துளையில் படிவு சேர்ந்து தெளிப்பு குறைந்தாலும், வால்வின் முதுகில் கரி படிந்து பெட்ரோலைப் பஞ்சுபோல் உறிஞ்சினாலும், சூடேறிய பின் பின்னூட்டம் அவற்றை மூடி மறைத்துவிடுகிறது. மனப்பாடம் ஆளும் முதல் நிமிடத்தில் அவை யாவும் அம்பலமாகின்றன. விடியல் உதறலைக் குளிர் உண்டாக்கிய நோய் என்று கொள்வதைவிட, பகல் முழுவதும் மருந்தில் அடங்கிக் கிடந்த நோய் மருந்து இல்லாத நேரத்தில் முகம் காட்டுவதாகக் கொள்வதே பல நேரங்களில் சரியாக இருக்கும்.

எல்லா வேறுபாடும் பழுதன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை ஆறு மாசுவிதிகளுக்கு உட்பட்ட கார்களில், புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கலன் விரைவில் சூடேற வேண்டும் என்பதற்காகக் கணினி வேண்டுமென்றே எஞ்சினை நிமிடத்துக்கு 1,200 சுற்றுகளையும் தாண்டி ஓடவிட்டு, தீப்பொறியைச் சற்றுத் தாமதிக்கச் செய்கிறது. காலையில் ஒலி கூடுதலாகவும் கரகரப்பாகவும் இருப்பது அதனால் வரலாம். சீரான உரத்த ஒலி பழுதன்று. தாளம் தப்பும் ஒலியே பழுது.

வெப்பமா, நேரமா, ஈரமா

இரவு நின்ற காருக்கு மூன்று செய்திகள் ஒரே சமயத்தில் நடந்திருக்கின்றன: அது ஆறியிருக்கிறது, பல மணிநேரம் அசையாமல் கிடந்திருக்கிறது, பனியிலோ மழையிலோ நனைந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்தே வருவதால் மூன்றையும் "குளிர்" என்று ஒரு சொல்லில் அடக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. பழுதைத் தேடுபவருக்கு அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

ஈரம் தன்னைத்தானே எளிதில் காட்டிக்கொடுக்கும். தீப்பொறி தரும் பிளக்குக்கு வரும் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட் என்பதால், அந்த மின்னழுத்தத்தை ஆக்கித்தரும் காயிலின் ரப்பர் உறையில் நுண்ணிய வெடிப்பிருந்தால் மின்சாரம் தீப்பொறியாகப் பாய்வதை விட்டு, ஈரம் படிந்த பரப்பின் வழியே பக்கத்து உலோகத்துக்கு ஓடிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாள்களில் மட்டும் உதறி, மாசி, பங்குனியில் உதறாத கார் பெரும்பாலும் இவ்வகைதான். (மழைக்கு ஒதுங்கி எஞ்சின் மேல் குடியேறும் எலி வயரைக் கடித்துவைப்பதும் அதே பருவத்தில்தான். அந்தக் காரணத்தை மதுரை மெக்கானிக்குகள் முதலில் தேடுவதில் நியாயம் இருக்கிறது.)

வெப்பத்தையும் நேரத்தையும் பிரிப்பது சற்று நுட்பமானது; அதற்கு மதுரையின் வெயில் உதவுகிறது. வைகாசியில் காலை ஒன்பது மணிக்கு அலுவலக வாசலில் நிறுத்திய கார் மாலை ஆறு மணிக்கு எடுக்கப்படும்போது, ஒன்பது மணிநேரம் கிடந்திருந்தும் 38 பாகைக்குக் கீழே ஆறியிருக்காது. அப்போதும் அது அதே அளவு உதறினால், வெப்பநிலையை ஐயுறுவதில் பயனில்லை. கிடந்த நேரத்தில் எதுவோ எங்கோ கசிந்திருக்கிறது. பெட்ரோல் பம்பின் தடுப்புவால்வு வழியே குழாயின் அழுத்தம் இறங்கியிருக்கலாம். அதைச் சோதிக்க, சாவியை எஞ்சின் சுழலாத நிலையில் இரண்டு, மூன்று நொடி வைத்து மூடி, மீண்டும் அப்படியே இரண்டு தடவை செய்து பம்ப் அழுத்தத்தை ஏற்ற விட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்து பார்த்தால் போதும். இன்ஜெக்டர் சொட்டியிருக்கலாம், அப்போது எஞ்சின் எழும் கணத்தில் பெட்ரோல் நெடியும் கரும்புகையும் வரும். மூன்றாவது வகைக் கசிவு ஒன்று உண்டு. அதுவே அடுத்து வரும் எடுத்துக்காட்டின் பொருள்.

ஒரு காரின் ஏழு காலைகள்

நான்கு உருளைகளும், உருளைக்கு ஒரு காயிலும் கொண்ட 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்று 80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது எனக் கொள்ளலாம். உருளை என்பது பட்டறைகளில் சிலிண்டர் எனப்படும், பிஸ்டன் ஏறி இறங்கும் எரியறை. தை மாதக் காலைகளில் அந்தக் கார் 80 நொடி அளவுக்கு உதறி, ஆக்சிலரேட்டரை மிதித்தால் தயங்கி, பிறகு சீராகிறது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு சில நாள் மினுங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை எதையும் கழற்றாமல் பார்ப்பது மட்டுமே வேலை. ஸ்டார்ட் செய்யும் முன்பே, எஞ்சின் கணினியின் தகவலைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகி, குளிர்விப்பு நீரின் வெப்ப உணரியும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்ப உணரியும் சொல்லும் எண்களை ஒப்பிட வேண்டும். இரவு முழுவதும் நின்ற காரில் இரண்டும் வெளிக்காற்றின் வெப்பநிலையைச் சொல்ல வேண்டும் என்பதால், ஒன்று 21 என்றும் மற்றொன்று 60 என்றும் சொன்னால் தேடல் அங்கேயே முடிந்துவிடும். நீர் சூடாயிருப்பதாகப் பொய் கேட்ட கணினி, கூடுதல் பெட்ரோலை ஊற்றாமல் விட்டிருக்கும். செலவில்லாத இந்த அரைநிமிடச் சோதனையைப் பலர் செய்வதில்லை. இந்தக் காரில் இரண்டும் 21 காட்டுகின்றன. எஞ்சினை எழுப்பியதும் ஸ்கேனர் "பி0302" என்ற குறியைத் தருகிறது. அதன் பொருள், இரண்டாம் உருளையில் எரிதவறல் நிகழ்கிறது என்பது. உரிய நேரத்தில் உருளைக்குள் எரிப்பு நிகழாமல் போவதே எரிதவறல், பட்டறை வழக்கில் மிஸ்ஸிங்.

கணினிக்கு இது எப்படித் தெரிகிறது என்பது அழகானது. எஞ்சினின் சுழல்தண்டோடு சுற்றும் பற்சக்கரத்தில் பொதுவாக 60 பற்களுக்கான இடமும், குறியீட்டுக்காக நீக்கப்பட்ட இரண்டு பற்களின் இடைவெளியும் இருக்கும். ஒவ்வொரு பல்லும் உணரியைக் கடக்க எடுக்கும் நேரத்தைக் கணினி அளக்கிறது. ஒவ்வோர் எரிப்பும் தண்டை ஒரு தள்ளு தள்ளுவதால், தள்ளு கிடைக்காத இடத்தில் பற்கள் கணநேரம் பிந்தி வருகின்றன. எந்த உருளையின் முறையில் பிந்தின என்பதிலிருந்து குற்றவாளியின் இருப்பிடம் தெரிந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 1,200 சுற்றில், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும் உருளை நொடிக்குப் பத்து முறை எரிய வேண்டும். அந்த ஓர் உருளை மட்டும் முழுவதும் தவறினால் நொடிக்குப் பத்து உலுக்கல். ஸ்டியரிங்கைப் பிடித்த கை உணரும் நடுக்கம் அதுதான்.

குறி சொல்வது இடத்தை, காரணத்தை அன்று. பி0302 என்று வந்தவுடன் காயிலையும் பிளக்கையும் இன்ஜெக்டரையும் ஒருசேர மாற்றிப் பணம் வாங்கும் வழக்கம், ஸ்கேனர் வந்த பின் பெருகியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஆனால் அந்தக் குறி ஒரு பெரிய சந்தேகக் கூட்டத்தை வெளியே அனுப்பிவிடுகிறது. ஒரே அண்டாவிலிருந்து நான்கு இலைக்குப் பரிமாறிய சாம்பாரில் உப்பு மிகுந்தால் நால்வரும் முகம் சுளிப்பர். ஒருவர் மட்டும் சுளித்தால் அண்டாவைக் குறைசொல்ல முடியாது. பெட்ரோலின் தரமும், 20 விழுக்காடு எத்தனால் கலப்பும், பம்பின் அழுத்தமும், காற்று வடிகட்டியும், நீர் வெப்ப உணரியும் நான்கு உருளைகளுக்கும் பொதுவானவை. எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட எடைக்கு எடை இருமடங்குக்கும் மேல் வெப்பம் கேட்பது உண்மை. தொட்டியில் நீர் புகுந்தால் அதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு பிரிந்து அடியில் தங்குவதும் உண்மை. ஆயினும் ஓர் உருளையை மட்டும் தேர்ந்து தண்டிக்கும் திறன் அதற்கு இல்லை.

அன்று மாலை இரண்டாம் உருளையின் காயிலும் மூன்றாம் உருளையின் காயிலும் இடம் மாற்றப்படுகின்றன. உடனே ஸ்டார்ட் செய்து பார்ப்பதில் பயனில்லை. சூடான எஞ்சின் எதையும் ஒப்புக்கொள்ளாது. ஒரு சோதனைக்கு ஓர் இரவு என்பதுதான் இந்நோயின் விலை. திங்கள் காலை உதறல் மூன்றாம் உருளைக்குப் போகாமல் இரண்டிலேயே நிற்கிறது, காயில் விடுதலை. திங்கள் மாலை பிளக்குகளை இடம் மாற்றக் கழற்றும்போது புதிய செய்தி ஒன்று கிடைக்கிறது: மற்ற மூன்றின் முனைகள் பழுப்பேறியிருக்க, இரண்டாவது மட்டும் ஆவியில் கழுவித் துடைத்ததுபோல் வெளுத்திருக்கிறது. செவ்வாய்க் காலையிலும் உதறல் இரண்டிலேயே. பிளக்கும் விடுதலை, ஆனால் அதன் வெளுப்பு வேறொருவரைக் கைகாட்டிவிட்டது.

இன்ஜெக்டரை இடம் மாற்றுவது கூலி பிடிக்கும் வேலை என்பதால், அதற்கு முன்னால் காசில்லாத சோதனை ஒன்று செய்யப்படுகிறது. செவ்வாய்க் காலை, எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது, குளிர்விப்பு நீரின் பிளாஸ்டிக் கலத்தில் நீர்மட்டத்துக்கு நேராக மார்க்கரால் ஒரு கோடு. புதன், வியாழன் காலைகளில் அதே நேரத்தில் பார்க்கையில் மட்டம் கோட்டுக்குக் கீழே போயிருக்கிறது. காருக்கு அடியில் தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. வெளியே வராத நீர் உள்ளே போகிறது.

வியாழனன்று கிடக்கும் நேரத்தின் மீது சோதனை. சூடான எஞ்சினைக் கால்மணிநேரம் நிறுத்தி எழுப்பினால் உதறலில்லை. மூன்று மணிநேரம் நிறுத்தி, இன்னும் கைச்சூடு இருக்கும்போதே எழுப்பினால் சில நொடிகள் உதறுகிறது. ஆறாத எஞ்சின் உதறுகிறது என்றால் வெப்பக்கணக்கு வீழ்ந்தது, நேரக்கணக்கு நின்றது. வெள்ளியன்று எடுத்த அமுக்கச் சோதனையில் நான்கு உருளைகளும் சமமாகவே காட்டுகின்றன; பலரை ஏமாற்றுவது இந்த இடம்தான். ஓர் இரவில் சில மில்லிலிட்டர் கசியவிடும் இடுக்கின் வழியே, பிஸ்டன் மேலேறும் கண நேரத்தில் வெளியேறும் காற்று அளவுமானியின் முள்ளை அசைக்கப் போதாது. வெள்ளி இரவு, நீர்ச்சுற்றின் மூடிக்குப் பதிலாகக் கைப்பம்பு பொருத்தி, ஓடும்போது இருக்கும் அளவான சுமார் ஒரு வளிமண்டல மிகை அழுத்தம் ஏற்றி அப்படியே விடப்படுகிறது. சனிக்கிழமை காலை ஸ்டார்ட் செய்யாமல் இரண்டாம் பிளக்கைக் கழற்றி, நுண்கேமராவை உள்ளே இறக்கினால், பிஸ்டனின் தலையில் பளபளப்பாய்ச் சிறு குட்டை.

இரவில் திசை மாறும் கசிவு

உருளைகள் குடையப்பட்ட அடித்தொகுதிக்கும் மேலே மூடும் தலைக்கும் நடுவே ஹெட் கேஸ்கட் என்ற மெல்லிய தகடு இருக்கிறது. எரிவாயு, எண்ணெய், நீர் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று சேராமல் பிரிப்பது அதன் தொழில். அதில் உருளை ஒன்றுக்கும் அதையடுத்த நீர்வழிக்கும் இடையில் முடியளவு இடுக்கு விழுந்தால் கசிவு ஒரே திசையில் நிகழ்வதில்லை. எஞ்சின் ஓடும்போது எரிப்பின் அழுத்தம் வளிமண்டலத்தைப் போலப் பல பத்து மடங்கு உயர்வதால் வாயு நீருக்குள் நுழைகிறது. அதைப் பிடிக்க, நீர்க்கலத்தின் வாயில் நீலநிறத் திரவம் நிரம்பிய குழாயை வைத்துக் கலத்துக் காற்றை அதன் வழியே இழுத்தால், எரிப்பில் பிறந்த கார்பன் டைஆக்சைடு திரவத்தை மஞ்சளாக்கிவிடும். எஞ்சின் நின்றவுடன் உருளைக்குள் அழுத்தம் இல்லாமல் போக, சூடான நீர்ச்சுற்றில் மட்டும் அழுத்தம் எஞ்சுவதால், இப்போது நீர் உருளைக்குள் நுழைகிறது. ஆறி அழுத்தம் இறங்கும் வரையான முதல் ஒன்றிரண்டு மணிநேரமே கசிவின் உச்சம். மூன்று மணிநேர ஓய்விலேயே நோய் தலைகாட்டியதற்குக் காரணம் அதுதான்.

சில சொட்டு நீர் எவ்வளவு கெடுத்துவிட முடியும் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். சூடேறிச் சும்மா ஓடும் இத்தகைய எஞ்சினில் ஓர் எரிப்புக்கு ஓர் உருளையில் தெளிக்கப்படும் பெட்ரோல் ஏறக்குறைய 6 மில்லிகிராம். ஒரு சொட்டு நீரின் எடை சுமார் 50 மில்லிகிராம். அந்த ஒற்றைச் சொட்டைச் சூடாக்கி ஆவியாக்கவே, அந்த 6 மில்லிகிராம் பெட்ரோல் தரும் வெப்பத்தில் பாதியளவு செலவாகும். நனைந்த பிளக்கின் முனையில் மின்சாரமோ பொறியாகப் பாயாமல் ஈரத்தின் வழியே வழிந்துவிடும். மற்ற மூன்று உருளைகள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டேயிருக்க, நீர் கொஞ்சம் கொஞ்சமாய் வெண்புகையாகவும் ஆவியாகவும் வெளியேறி, 80 நொடியில் பிளக் காய்ந்து, இரண்டாம் உருளை வேலைக்குத் திரும்புகிறது. அதற்குள் உலோகமும் விரிந்து இடுக்கை நெருக்கத் தொடங்கியிருக்கும்.

வெண்புகையில் குளிர்விப்புத் திரவத்தின் இனிப்பு வாடை இருந்தால் அதுவும் சான்று. ஆனால் அதில் கலந்துள்ள எத்திலீன் கிளைக்கால் நச்சு என்பதால் முகர்ந்து பார்ப்பதைச் சோதனையாகக் கொள்ளலாகாது. புகைபோக்கியின் சாதாரண ஈரமும் மார்கழியில் வெள்ளையாய்த் தெரியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கசிவு வளர்ந்து, பிஸ்டன் மேலேறும்போது மிஞ்சும் இடத்தையே நீர் நிரப்பிவிடும் நாளும் வரலாம். நீர் அமுங்காது என்பதால், அன்று சாவியைத் திருகினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடவும் கூடும்.

போர் தண்ணீரும் வைகாசி வெயிலும்

தை மாதத்தில் முகம் காட்டிய இந்தப் பழுது பெரும்பாலும் அதற்கு முந்தைய கோடையில் விளைந்ததாக இருக்கும். மதுரைச் சமவெளியின் அடியில் கடினப் பாறை. அதன் விரிசல்களில் தேங்கி ஆழ்துளைக் கிணறுகள் வழியே மேலே வரும் நீர் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்தது. "இங்கே என்ன பனியா உறையுது, கூலன்ட் எதுக்கு?" என்ற கேள்வியோடு ரேடியேட்டரில் அந்த நீரே ஊற்றப்படுவதைப் பரவலாகக் காணலாம். கூலன்ட் உறைவதைத் தடுப்பது மட்டுமே செய்வதாக நினைப்பதால் வரும் வினை இது. கொதிநிலையை உயர்த்துவதும், அதைவிட முக்கியமாக, உலோகம் அரிக்கப்படாமல் காக்கும் வேதிப்பொருள்களைச் சுமப்பதும் அதன் வேலையே. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாய் ஏடுகட்டும் அதே உப்பு எஞ்சினின் நீர்வழிகளிலும் படிய, வெப்பம் வெளியேறும் பாதை அடைபட்டு, கேஸ்கட்டின் விளிம்பு அரிக்கத் தொடங்குகிறது.

அந்த நிலையில் வைகாசி நண்பகலில் காளவாசல் சிக்னலில் ஏ.சி. ஓடக் காத்திருக்கும் காரில் வெப்ப முள் ஒருமுறை சிவப்பைத் தொட்டால் போதும். வார்ப்பிரும்புத் தொகுதியும் அலுமினியத் தலையும் கொண்ட எஞ்சினில், 40 சென்டிமீட்டர் நீளமுள்ள தலை 70 பாகை சூடேறும்போது 0.6 மில்லிமீட்டருக்கு மேல் நீள, அடியிலிருக்கும் இரும்பு அதில் பாதியளவே நீளும். நாள்தோறும் நிகழும் இந்த இழுபறியைக் கேஸ்கட் தாங்கிக்கொள்ளும். வரம்பு மீறிச் சூடேறிய தலை ஒருமுறை வளைந்துவிட்டால் தாங்காது. பல எஞ்சின்களில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லிமீட்டர் அளவுதான். அதாவது, ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு.

எனவே கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிடும் பழுதுநீக்கம் அடுத்த மழைக்காலம் வரைகூட நிற்பதில்லை. தலையைக் கழற்றி, நேர்சட்டத்தை மேலே வைத்து இடுக்குமானியால் வளைவை அளந்து, தேவையானால் லேத் பட்டறையில் சமன்செய்து, போல்ட்டுகளை உற்பத்தியாளர் சொன்ன வரிசையிலும் முறுக்கிலும் இறுக்கி, படிவு நீக்கப்பட்ட நீர்வழிகளில் வாலைவடிநீரும் கூலன்ட்டும் உரிய பங்கில் நிரப்ப வேண்டியிருக்கிறது. அதன் பின்னும் முதல் நாள் காலையில் வெண்புகை வரும். புகைபோக்கியின் வளைவுகளிலும் ஒலியடக்கிப் பெட்டியிலும் தங்கிய பழைய நீர் சூடேறி வெளியேற ஓரிரு நீண்ட ஓட்டங்கள் ஆகும் என்பதால், அந்தப் புகையைக் கண்டு மெக்கானிக்கைச் சண்டைக்கு இழுக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் கலத்தில் புதிதாய் ஒரு கோடு கிழித்து, எட்டாம் நாள் காலையில், எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும் அதே நேரத்தில் பார்த்தால் தெரிந்துவிடும்.